பெட்டியில் இல்லாத கட்டைகள்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. ஆள் சின்ன உருவம். எண்ணெய் காய்ந்தால் போதும், வெடித்துவிடுவாள். வெடித்த அடுத்த நிமிஷமே ஒன்றும் நடக்காதது போல வேலையைப் பார்ப்பாள். முதலில் அவள் காதில் விழாமல் அப்படிக் கூப்பிட்டார்கள், பிறகு காதில் விழும்படியே கூப்பிட்டார்கள், கடைசியில் அவளே போனை எடுத்து "கடுகு பேசறேன்" என்று சொல்லும் நிலைமைக்கு வந்தாயிற்று.

செங்கல், ஜல்லி, கான்கிரீட், மண் என்று கட்டட வேலைக்குப் போகிற எதையும் கொண்டுவந்து கொடுத்தால், அதை நசுக்கி எவ்வளவு தாங்கும் என்று சொல்வது அவளுடைய வேலை. கூடத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கும். புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. இங்கே எல்லோருக்கும் அது நசுக்கு மெஷின்தான். இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே துண்டை நிறுத்தி அழுத்தினால் வட்டத்தில் முள் ஏறும். துண்டு உடைந்ததும் முள் சட்டென்று விழும். விழ ஆரம்பித்த இடம்தான் அந்தப் பொருளின் யோக்கியதை.

அந்த வருஷம் முழுக்க கூடத்துக்குள் ஆஸ்பத்திரித் தூண்கள்தான் வந்துகொண்டிருந்தன. வாய்க்கால் ஓரத்தில் நாலு மாடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வரப்போகிறது. நிலமோ மகா மோசம். காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் களிமண். அதன்மேல் நேரடியாகக் கட்டடத்தைத் தூக்கி வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிடும். அதனால் களிமண்ணுக்குள்ளேயே சிமெண்டைக் கலந்து, மண்ணையே தூணாக்குகிற வேலை நடந்தது. உயரமான ஒரு மெஷின், அதில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் இறக்கைகள். தண்டு சுழன்றுகொண்டே கீழே இறங்கும்போது குழாய் வழியாக சிமெண்ட் பால் பீய்ச்சும். இறக்கைகள் அதை மண்ணோடு பிசையும். பிறகு சுழன்றுகொண்டே மேலே வரும். ஒரு மாதம் விட்டால் உள்ளே அது இறுகித் தூணாகிவிடும். ஆனால் மேலே வரும்போது நிதானம் வேண்டும். அவசரப்பட்டுத் தூக்கினால் சிமெண்ட் ஒரு பக்கம், சேறு ஒரு பக்கம் என்று நின்றுவிடும். மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு எல்லாத் தூணும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அந்தத் தண்டை இயக்குகிறவன் அவளுடைய கணவன். அவனுக்கு சைட்டில் ஆமை என்று பெயர். பேச்சும் மெதுவு, நடையும் மெதுவு, தண்டைத் தூக்குவது அதைவிட மெதுவு. கடுகுக்கும் ஆமைக்கும் எப்படிப் பொருத்தம் பார்த்தார்கள் என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் இன்றுவரை கேலி பேசுகிறார்கள். அவளுக்கோ அந்தப் பெயரில் ஒரு தனிப் பெருமை. ஊரில் எவன் போட்ட தூணை வேண்டுமானாலும் கொண்டுவா, என் வீட்டுக்காரர் போட்டதை மெஷினில் வை, முள் எங்கே நிற்கிறது என்று பார் என்பாள்.

இப்போது கட்டை விஷயத்துக்கு வருவோம். ஒரு மாதம் ஆன தூணை உச்சியிலிருந்து அடிவரை துளைத்து, மணிக்கட்டுத் தடிமனில் உருளை உருளையாக வெளியே எடுப்பதற்கு ஒரு ஆள் இருந்தார். எல்லோருக்கும் அவர் துளைக்காரர். எடுத்த துண்டுகளை நீளமான மரப்பெட்டியில், மண்ணுக்குள் இருந்த அதே வரிசையில் படுக்க வைப்பார். எங்கேயாவது தூண் இறுகாமல் சேறாகவே இருந்தால் துளைக்கிற குழாய்க்குள் ஒன்றும் ஏறாது, எல்லாம் வழிந்து போய்விடும். அந்த இடத்தைப் பெட்டியில் சும்மா விடக்கூடாது. வராமல் போன நீளத்துக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம்வரை என்று மையால் எழுதி, அங்கே வைக்க வேண்டும். இங்கே ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு அந்தக் கட்டைதான் சாட்சி.

ஆனால் சாட்சியை யார் விசாரித்தார்கள்? வழக்கம் என்னவென்றால், பெட்டியில் முழுசாக இருக்கிற நாலைந்து துண்டை எடுப்பார்கள். இரண்டு முனையையும் அறுத்து மட்டமாக்கி, மெஷினில் நிறுத்தி நசுக்குவார்கள். வந்த எண்களைக் கூட்டி சராசரி போடுவார்கள். பொடிந்து போனதை நிறுத்த முடியாது. நிறுத்த முடியாததை நசுக்க முடியாது. நசுக்க முடியாததற்கு எண் கிடையாது. பிழைத்து வீட்டுக்குப் போன நோயாளிகளை மட்டும் எண்ணிவிட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் யாருமே சாவதில்லை என்று சொல்வது போன்ற கணக்கு இது. எல்லாக் கூடத்திலும் இதுதான் நடந்தது. அவளும் அப்படித்தான் செய்துவந்தாள்.

மூன்று தூண்களின் பெட்டிகள் ஒரு சாயங்காலம் வந்திறங்கின. அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்த கணவன் வாசலில் நின்றான். அவள் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டே அவனிடம் உள்ளறைச் சாவியைக் கொடுத்து, பெட்டிகளைத் தூக்கி வைக்கச் சொன்னாள். சண்டை கொஞ்சம் நீண்டது. அவன் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, சாவியை அவள் மேஜையில் வைத்துவிட்டு, தோளில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு காத்திருந்தான்.

மறுநாள் பெட்டிகளைத் திறந்தபோது அவளுக்கு மனசு நிறைந்து போனது. வரிசை வரிசையாகத் துண்டுகள், வெளிறிய சாம்பல் நிறம், தட்டினால் கிண்ணென்ற சத்தம். ஒரு கட்டைகூட இல்லை. மெஷினில் வைத்தால் முள் வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு ஏறிவிட்டுத்தான் விழுந்தது. "எங்க வீட்டுக்காரர் வேலை" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் வெட்கமில்லாமல் பீற்றிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி அவன் தட்டில் கேட்காமலேயே இன்னொரு கரண்டி விழுந்தது. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தான். கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி போட்டாள். வீட்டிலிருந்த சலவை மெஷின் கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் வாங்கித் தந்தது. துவைக்கிற வரைக்கும் சாதுவாக இருக்கும். பிழிய ஆரம்பித்தால் பேய் பிடித்தது போலக் குதித்து, தரை சரிவில் நடந்து, சமையலறை வாசலுக்கு வந்துவிடும். அதை மாமியார், "உங்க அண்ணன் கிளம்பிட்டான் பாரு" என்பாள். யாராவது ஓடிப்போய் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மெஷின் பிழிந்து முடித்தது, அவளுக்குத் தெரியவே இல்லை.

"என்ன அத்தை, மெஷின் ரிப்பேரா? சத்தத்தையே காணோம்."

மாமியார் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். "ரிப்பேர் இல்லம்மா, இப்பதான் சரியாயிருக்கு. எம்பிள்ளை ரெண்டு நாள் முன்னாடி அடியில கட்டை கொடுத்தான். உங்க அண்ணன் இனிமே நடக்க மாட்டான்."

அவள் சும்மாதான் குனிந்து பார்த்தாள். முன்கால்களுக்கு அடியில் நீளமாக ஒரு கட்டை, பின்கால்களுக்கு அடியில் ஒன்று, சுவரோரமாக ஆட்டம் தாங்குவதற்கு இன்னொன்று. மூன்றிலும் மையெழுத்து. துளைக்காரர் ஐந்தை எழுதினால் தலைகீழ் கொக்கி மாதிரி இருக்கும். அந்தக் கொக்கி ஈரத்தில் கொஞ்சம் கலங்கி, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று கட்டையிலும் ஏறக்குறைய ஒரே ஆழம்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். உள்ளறையில் பெட்டிகளோடு அவன் தனியாக இருந்தது, தோளில் கருவிப் பை, அந்த வெளிறிய நிறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அதே உள்ளறை அலமாரியில், வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவன் போட்டுக் காட்டிய சோதனைத் தூணின் மிச்சத் துண்டுகள் கிடந்தன. அவன் ஆமையாக இருந்தபோது போட்ட தூண். கட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அந்தத் துண்டுகளைப் படுக்க வைத்திருக்கிறான். இவள் அதையே தேடி எடுத்து நசுக்கி, பல்லைக் காட்டிக்கொண்டு பீற்றியிருக்கிறாள். கோபம் காலிலிருந்து தலைக்கு ஏறியது.

மத்தியானம் அவன் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். கோபம் சாதாரணமாக இருந்தால் அவள் கத்துவாள். கோபம் எல்லை மீறிவிட்டால் மரியாதை கூடிவிடும், அவனை சார் என்று கூப்பிடுவாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறான்.

"வாங்க சார். உக்காருங்க சார்."

தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் மூன்று மரக்கட்டைகள் இருந்தன.

அவன் கட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் கட்டையைப் பார்த்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான்.

"எப்ப சார்? ஆஸ்பத்திரி பூமிக்குள்ள எறங்கினப்புறமா?"

"அவ்வளவு மோசமா இல்ல. தூணுக்கு மேலயும் கீழயும் கல்லு மாதிரி இருக்கு. நடுவுல அந்தக் கறுப்பு மண்ணு வர்ற எடத்துலதான் பிரச்சினை. அங்க நின்னு, ரெண்டு தடவை ஏத்தி எறக்கிக் கலக்கணும். நிக்கல. தூக்கிட்டேன்."

"ஏன் தூக்கினீங்க?"

அவன் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "எங்க சைட் மேனேஜர் எல்லாரையும் நிக்க வெச்சு சொன்னாரு, இந்த ஆமை வேகத்துல போனா, இங்க பொறக்க வேண்டிய கொழந்தைங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்கிட்டு பத்திரிகை கொடுக்க வரும்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சிமெண்ட் பம்ப்காரன், காவக்காரன், டீ கொண்டு வர்றவன் எல்லாரும். மறுநாள் மெஷின் கூண்டுல ஆமைப் படம் வரைஞ்சு, அதுக்கு ஒரு கொம்பையும் மாட்டி ஒட்டி வெச்சிருந்தாங்க. நத்தையாம்."

"சிரிச்சா சிரிக்கட்டும்னு விட வேண்டியதுதானே. நாலு பேர் சிரிப்புக்கு பயந்து பூமி பூரா சேத்தை நட்டு வெச்சிருக்கீங்களே. அப்புறம் மேனேஜர்தான் கட்டையை எடுக்கச் சொன்னாரா?"

"இல்ல. அவருக்குத் தெரியாது."

"பின்ன யாருக்காக எடுத்தீங்க?"

"நீ பெட்டியைத் தெறக்கும்போது அது அங்க இருக்க வேணாம்னு பட்டுது."

அந்தப் பதில் வேறொரு நாளில் வந்திருந்தால் அவள் உருகியிருப்பாள். இப்போது அது கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போலானது. "அதாவது சார், என் கண்ணை மட்டும் மறைச்சா போதும். பிரசவத்துக்கு வர்றவ எக்கேடு கெட்டா என்ன. அப்படித்தானே?"

ஆமைக்கும் கோபம் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை வரும், வந்தால் பேச்சு வேகமாகிவிடும். "சரி, கட்டை இருந்திருந்தா மட்டும் நீ என்னத்தக் கிழிச்சிருப்ப? நல்லா இருக்கிற துண்டா பாத்து எடுத்து நசுக்கி, பாஸுன்னு எழுதியிருப்ப. கட்டையை என்னிக்காவது மெஷின்ல வெச்சியா? இத்தனை வருஷமா எத்தனை கட்டை பாத்திருக்க? ஒண்ணுக்காவது ஒரு நம்பர் போட்டியா? நான் ஒரே ஒரு நாள் ஒளிச்சேன். நீங்க எல்லாரும் தெனம் தெனம் கண்ணு முன்னாடியே வெச்சுக்கிட்டு ஒளிக்கிறீங்க."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதுதான் அவளால் தாங்கிக்கொள்ள முடியாததாக இருந்தது. தப்பு செய்தவன் வாயால் நியாயத்தைக் கேட்பதைப் போல எரிச்சல் வேறு எதிலும் இல்லை. பக்கத்து அறையிலிருந்து மாமியார், "ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு சண்டை போடுங்களேன், எனக்குப் பசிக்குது" என்றாள். அவள் கட்டைகளை எடுத்துத் துடைத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். மாமியாருக்கு மட்டும் சாப்பாடு போட்டாள்.

மறுநாள் அவன் வண்டியில் அவள் ஏறவில்லை, பஸ்ஸில் போனாள். கூடத்துக்குப் போனதும் பெட்டிகளைத் திறந்து, சோதனைத் தூணின் துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டு, கட்டைகளை அவற்றின் இடத்தில் வைத்தாள். துளைக்காரருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிப் பெட்டியில கட்டை வெச்சீங்களா?"

"வெக்காம என்னம்மா? மூணுலயும் நடுவுல ஒண்ணுமே வரல. குழாயைத் தூக்கினா கறுப்புத் தண்ணியாக் கொட்டுச்சு. ஏன், கட்டை இல்லயா?"

"இருக்குண்ணே. இப்ப இருக்கு."

பிறகு முதல் முறையாகக் கட்டைக்கு ஒரு எண் போட்டாள். இந்த ஆழத்திலிருந்து இந்த ஆழம்வரை, பலம் பூஜ்யம். நசுக்கிய துண்டுகள் எதுவும் அந்தத் தூண்களுடையவை அல்ல, பழைய முடிவு செல்லாது, தூண்கள் தேறவில்லை என்று எழுதி, ஆஸ்பத்திரி தரப்பில் மேற்பார்வை பார்க்கிற இன்ஜினியர் அம்மாவுக்கு அனுப்பினாள். இந்தக் காகிதம் முதலில் போய் அடிப்பது யார் வயிற்றில் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அவனுக்கு வேறு வேலை தெரியாது. சைட் மெஷின்களைத் தவிர அவன் கைக்கு எதுவும் வராது.

சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே மேனேஜர் வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை. சைட்டில் எல்லோருக்கும் முழங்கால்வரை சேறு இருக்கும், இவர் ஷூவில் மட்டும் முகம் பார்க்கலாம். உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தார்.

"மேடம், நாலு நாள் முன்னாடி பிரமாதம்னு சொன்னீங்க. இன்னிக்குப் பூஜ்யம்னு சொல்றீங்க. நாங்க எதை நம்பறது?"

"ரெண்டாவதை நம்புங்க."

"அந்தத் துளைக்கிற ஆளு முரட்டுத்தனமா துளைச்சு ஒடைச்சிருப்பான். நல்ல தூணைக்கூட அப்படித் துளைச்சா தூளாத்தான் வரும். எல்லா சைட்டுலயும் நடக்கிறதுதானே."

"ஒடைஞ்சா ஒடைஞ்ச துண்டு வரும் சார். இங்க தண்ணி வந்திருக்கு."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், முகத்தில் ஒரு அக்கறை வந்து உட்கார்ந்தது. "வீட்டுல எதாவது மனஸ்தாபமா? எனக்கும் குடும்பம் இருக்கு, புரியும். ஆனா புருஷன் பொண்டாட்டி சண்டையை டெஸ்ட் ரிசல்ட்ல காட்டலாமா மேடம்? அவன் பொழப்பு போயிடுமேன்னுதான் சொல்றேன். தூண் ஃபெயில்னா நான் என்ன சொல்ல முடியும்? ஆபரேட்டர் தப்புன்னுதான் சொல்லியாகணும்."

பக்கத்து மேஜைக்காரி மெல்ல எழுந்து வெளியே போய்விட்டாள். வெடிக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கடுகு வெடிக்கவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. கோபம் கொதித்துக் கொதித்து அடியில் கெட்டியாகிவிட்டிருந்தது.

"எங்க வீட்டுச் சண்டையில நான் கத்துவேன் சார், பாத்திரத்தை ஒடைப்பேன். தூணை ஒடைக்க எனக்குத் தெரியாது. உங்களுக்கு என் மேலயும் நம்பிக்கையில்ல, துளைக்கிறவர் மேலயும் நம்பிக்கையில்ல. அப்ப ஒரு தூணைத் தோண்டிப் பாத்துடலாம். பக்கத்து மண்ணை எடுத்துட்டா தூண் தன்னால தெரியும். அதுக்கு டெஸ்டும் வேணாம், நானும் வேணாம், கண்ணு இருந்தா போதும்."

"தோண்டறதா? யாரு தோண்டறது?"

"அதை அந்த அம்மாகிட்ட கேளுங்க. நான் ஏற்கெனவே கேட்டாச்சு."

தோண்ட உத்தரவு வந்தது. புதன்கிழமை காலையில் எல்லோரும் சைட்டில் கூடினார்கள். இன்ஜினியர் அம்மா குடையோடு வந்திருந்தார், அதிகம் பேசாத ஆள். துளைக்காரர் தன் மேல் பழி வந்த கடுப்பில் ஓரமாக நின்றார். மேனேஜர் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் போல அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார். தோண்டும் மெஷினில் உட்கார்ந்திருந்தது ஆமை. வேறு ஆள் கிடைக்கவில்லையா, இல்லை இவனையே உட்கார வைத்து வேடிக்கை பார்க்கிறார்களா என்று அவளுக்கு எரிந்தது. மூன்று நாளாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

மேனேஜர் மூலையில் இருந்த ஒரு தூணின் தலையைக் காட்டினார். "இதைத் தோண்டுப்பா."

மெஷின் நகர்ந்தது. அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போனது, நிற்கவில்லை. சங்கிலிச் சக்கரம் சேற்றை அரைத்துக்கொண்டு, மெதுவாக, அதே ஆமை வேகத்தில் நிலத்தின் நடுவுக்குப் போய் நின்றது.

"ஏய், எங்க போற? மூலையில இருக்கறதைத்தானே காட்டினேன்."

அவன் கூண்டிலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "அது சோதனைத் தூணு சார். அதை மெதுவாப் போட்டேன். அவசரமாப் போட்டது இங்கதான் இருக்கு."

இன்ஜினியர் அம்மா குடையை மடக்கிவிட்டு, "இங்கேயே தோண்டுங்க" என்றார்.

சரிவாக, பக்கம் இடிந்து விழாதபடி பார்த்துப் பார்த்து அவன் தோண்டினான். மேல் பாதி நன்றாகத்தான் இருந்தது. பக்கெட்டின் இரும்புப் பல் தூணில் உரசும்போதெல்லாம் பல் கூசும் சத்தம் வந்தது. மேனேஜர் ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "கடப்பாரை போட்டாக்கூட எறங்காது மேடம்" என்றார். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. களிமண் நிறம் மாறிக் கறுப்பானது, அழுகிய இலை வாடை வந்தது. ஒரு இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. பல் தூணுக்குள் இறங்கியது, தூண் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் மெஷினை அணைத்தான். சரிவு வழியாக இறங்கிப் போய் தூணின் முன்னால் நின்றான். முழங்கைவரை கையை அதற்குள் விட்டான். சும்மா, பானைக்குள் கை விடுவது போல. வெளியே எடுத்த கையில் கறுப்புச் சேறு வழிந்தது, நடுநடுவே கலக்காத சிமெண்ட் வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தது.

"வாய்க்கால் தண்ணி ஊறியிருக்கும்" என்றார் மேனேஜர். "எதிர்பாராத விஷயம் இது."

அவன் சேற்றோடு மேலே ஏறி வந்தான். எல்லோரையும் தாண்டி நேராக அவளிடம் வந்து கையை நீட்டினான்.

"இந்தா. டெஸ்ட் பண்ணு."

"இதை நிறுத்த முடியாது சார்" என்றாள். இன்னும் கடுமையாகச் சொன்னாள். "நிக்காது."

அவன் தலையாட்டினான். பிறகு இன்ஜினியர் அம்மாவின் பக்கம் திரும்பினான். "தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. இந்த ஆழத்துல நின்னு கலக்கணும். நிக்காம தூக்கினேன். வேகமாப் போடுன்னு இவர் சொன்னாரு, நான் போட்டேன். நடுவுல இருக்கிறது எல்லாமே இப்படித்தான் இருக்கும். பெட்டியில கட்டையை எடுத்ததும் நான்தான். துளைக்கிறவரும் ஒடைக்கல, இவளும் பொய் சொல்லல." இவ்வளவு நீளமாக அவன் பொதுவில் பேசி யாரும் கேட்டதில்லை. மேனேஜரின் ஷூவில் கொஞ்சம் சேறு சொட்டியிருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை நிறுத்தப்பட்டது. நடுவில் போட்ட தூண்களை எல்லாம் மறுபடியும் துளைத்துப் பார்த்து, பக்கத்தில் புதுத் தூண்கள் போட வேண்டும் என்று முடிவானது. இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் யாருக்கும் வயிறு எரியும். மேனேஜரைக் கம்பெனி வேறொரு சைட்டுக்கு மாற்றியது, இதைவிடப் பெரிய சைட். ஆமையை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி, கையோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். வேகமாகப் போடு என்று வாயால் சொன்னவனுக்கு எங்கேயும் கையெழுத்து இல்லை. அவள் அந்த அம்மாவிடம் போய்க் கத்தினாள், கம்பெனி ஆபீஸுக்கு போன் போட்டுக் கத்தினாள், கடைசியில் தங்கள் கூடத்து முதலாளியிடம், இனிமேல் இங்கே கட்டைக்கு எண் போடாமல் ஒரு காகிதமும் வெளியே போகாது, பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்தினாள். முதலாளி ஆளைப் பார்க்கவில்லை. காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவ்வளவு கத்தியும் கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் துணி போட்டுவிட்டுச் சமையலறையில் இருந்தாள். வீட்டில் பேச்சு வார்த்தை இன்னும் தேவைக்கு மட்டும்தான். பிழிகிற நேரம் வந்ததும் மெஷின் தடதடவென்று குதிக்க ஆரம்பித்தது. கட்டிலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள்.

"உங்க அண்ணன் மறுபடியும் கிளம்பிட்டான் போலிருக்கே. அந்தக் கட்டையெல்லாம் எங்கடா போச்சு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போவதற்குள் சத்தம் பாதியாகியிருந்தது. எட்டிப் பார்த்தாள். அவன் ஈரத் தரையில் உட்கார்ந்து, மெஷினுக்கு முதுகைக் கொடுத்து, கால் இரண்டையும் எதிர்ச்சுவரில் ஊன்றிக்கொண்டிருந்தான். மெஷின் அவனை உலுக்கியது, தலை, தோள், கன்னம் எல்லாம் ஆடின. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருக்கப் பார்த்தான். வேலை இல்லாத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை, செய்ய வேறு ஒன்றும் இல்லை.

அவளுக்கு அவன் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. அந்தச் சிரித்த கும்பல் மேல் இருந்தது, இஸ்திரி கலையாத சட்டை மேல் இருந்தது, இத்தனை வருஷம் கட்டையைப் பார்த்தும் பார்க்காமல் தாண்டிப் போன தன் கண் மேலும் இருந்தது. இது சீக்கிரம் தீருகிற கோபம் இல்லை, தீரவும் வேண்டாம் என்று நினைத்தாள். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"தள்ளி உக்காருங்க, சார்" என்றாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகை மெஷினுக்குக் கொடுத்து, காலைச் சுவரில் ஊன்றினாள். துணி பிழிந்து முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.